மதுரை வெயில்ல சாக்ஸ் பின்னலாமா? குரோஷாவா, நிட்டிங்கா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஆனையூர்ல இருக்கேன், வயசு 31, வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை, ராத்திரி போன்ல யாரோ சாக்ஸ் பின்னுறத பாத்து ஆசை வந்துருச்சு, ஆனா மதுரைல அடிக்கிற வெயிலுக்கு சாக்ஸா பின்னப்போறேன்னு வீட்ல சிரிக்கிறாங்க, ரோட்டோரத்துல நூறு ரூபாய்க்கு மூணு ஜோடி விக்கிறப்போ இதுல அப்படி என்னதான் சந்தோஷம், ஆரம்பிச்சா குரோஷேவா நிட்டிங்கான்னு எழுதியிருக்கீங்க. கடைசில ஒரு வரி, "இத வச்சு கொஞ்சம் காசு பாக்க முடியுமா"ன்னு. பாத்தா சாக்ஸ் பத்தின கேள்வி மாதிரிதான் இருக்கு, ஆனா எனக்கு என்ன தோணுதுன்னா, பிரயோஜனம் இல்லாத ஒரு வேலைல ஆம்பளப் பையன் உக்காந்து நேரத்த கழிச்சா தப்பா, அதான் நீங்க கேக்குறது. காசு பாக்க முடியுமான்னு கேட்டதே வீட்ல சொல்லிக்க ஒரு காரணம் வேணும்னுதான?

நான் மதுரைல பொம்பளப் பிள்ளைக ஸ்கூல்ல 27 வருஷம் தையல் டீச்சரா இருந்து ரிட்டயர்ட் ஆனவ. குரோஷா எனக்கு பத்து வயசுல ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது, அதுல டிவி கவர், டேபிள் மேட், வாசல் தோரணம்னு எங்க வீட்ல எதையும் விட்டு வச்சதில்ல, வாட்டர் பாட்டிலுக்குக் கூட சட்ட போட்டுருக்கேன். நிட்டிங்ல ஸ்வெட்டர் வரைக்கும் வந்துட்டேன், ஆனா சாக்ஸ் மட்டும் 46 வயசுல தானா முட்டி மோதி கத்துக்கிட்டது. அதனால குரோஷா விஷயத்துல நான் சொல்றத தைரியமா நம்புங்க, சாக்ஸ் விஷயத்துல நான் பழகுனவ, அம்புட்டுதான்.

முதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு புரிஞ்சுக்கோங்க, அப்பத்தான் எது உங்களுக்குன்னு தெரியும். இப்ப போட்டிருக்கிற டீ-ஷர்ட்ட, திருப்பூர் சரக்கா இருக்கும், கழட்டி விரிச்சு வச்சு போன் கேமராவ நல்லா கிட்ட கொண்டு போய் பாருங்க. வெளிப்பக்கம் சின்னச் சின்ன சடை வரிசையா நிக்கிற மாதிரி தெரியும், உள்பக்கம் திருப்புனா குட்டிக் குட்டி மேடா அலை அலையா இருக்கும். அதுதான் நிட்டிங். திருப்பூர் மெஷின்ல நூத்துக்கணக்குல ஊசி வட்டமா சுத்திக்கிட்டு செய்யுற அதே நூல் வளையத்தத்தான், கண்ணின்னு சொல்றது, நாம ரெண்டு ஊசில கையால செய்யுறோம். ஒரு கண்ணிக்குள்ள இருந்து அடுத்த கண்ணிய இழுக்குறோம், பழசு ஊசிய விட்டு இறங்குது, புதுசு ஏறுது. இதுல ஒரு வரிசைக்கு எத்தன கண்ணியோ அத்தனையும் எந்நேரமும் ஊசி மேல உசுரோட உக்காந்திருக்கும். சாக்ஸுக்கு 64 கண்ணின்னா 64ம். பஸ் ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போட்டு ஊசி உருவிருச்சுன்னு வைங்க, அம்புட்டும் அனாதையா நிக்கும். குரோஷால அந்தக் கவலையே கிடையாது, ஒரே ஊசி, நுனில கொக்கி, எந்நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் உசுரோட இருக்கும், மத்ததெல்லாம் அப்பப்பவே முடிஞ்சு போச்சு. அந்த ஒத்தக் கண்ணில ஒரு ஊக்க மாட்டிட்டு பையில போட்டுட்டு கிளம்பிரலாம். அழகர் எதிர்சேவைக்கு தல்லாகுளத்துல ராத்திரி காத்துக் கிடந்தப்போ அப்படித்தான் ஒரு வருஷம் ஒரு மேட்ட பாதி முடிச்சேன், பக்கத்துல உக்காந்திருந்த ஆச்சி என் கையவே பாத்துக்கிட்டு இருந்துட்டு "பூக்கட்டுறத விட பைய போகுதே இது"ன்னுச்சு.

ஆச்சி சொன்னது ரொம்ப சரி. நம்ம ஊர்ல பூக்கட்டத் தெரிஞ்ச பிள்ளைகளுக்கு குரோஷா ஒரு மணி நேரத்துல வந்துரும், 27 வருஷத்துல நான் கண்கூடா பாத்தது. நார இடது கை விரல்ல சுத்தி, இழுவைய விடாம வச்சுக்கிட்டு, வலது கையால வளையம் போட்டு இறுக்குறோம்ல, அந்த இடது கை பழக்கம்தான் குரோஷால முக்கால்வாசி. ஊசி புடிக்கிற கைய எல்லாரும் பாப்பாங்க, வேலை நடக்கிறது நூல் புடிக்கிற கையிலதான். நூல் ஒரே இழுவைல வந்தா கண்ணி ஒரே அளவா வரும், இல்லன்னா ஒண்ணு கடுகு ஒண்ணு கொண்டக்கடலைன்னு வரும். வயர் கூடை பின்னத் தெரிஞ்சவங்களும் சீக்கிரம் புடிச்சுருவாங்க, சிவன் கண்ணு, நெல்லிக்காய் பின்னல் எல்லாம் போட்ட கைக்கு கணக்கு பழகியிருக்கும்.

அதனால என் பதில், முதல்ல ஒரு மாசம் குரோஷா, அப்புறம் நிட்டிங், அதுக்கப்புறம் சாக்ஸ். இது என் அபிப்பிராயம், சட்டம் இல்ல. நேரடியா நிட்டிங்ல இறங்கி நல்லா வந்தவங்களும் இருக்காங்க. ஆனா பொறுமை கம்மியா இருக்கிற காலத்துல சீக்கிரம் ஒண்ணு முடிஞ்சு கையில வரணும், குரோஷால ஒரு சாயங்காலத்துல ஒரு கோஸ்டர் முடிஞ்சுரும். இன்னொரு காரணமும் இருக்கு, நிட்டிங் பண்றவங்க கூட குரோஷா ஊசி ஒண்ணு வச்சிருக்கணும். நிட்டிங்ல ஒரு கண்ணி நழுவுனா அது ஏணிப்படி மாதிரி கீழ கீழன்னு வரிசையா இறங்கிக்கிட்டே போகும், பாக்கவே வயித்தக் கலக்கும். அப்ப குரோஷா ஊசிய அந்தக் கண்ணிக்குள்ள விட்டு, மேல குறுக்க கிடக்குற நூல ஒவ்வொண்ணா கொக்கில மாட்டி மாட்டி இழுத்தா படிப்படியா ஏறி மேல வந்து ஊசில உக்காந்துக்கும். பத்து வரிசை இறங்குனத ரெண்டு நிமிஷத்துல ஏத்திரலாம், ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். முதல் தடவ அது கைக்கு வந்தப்போ எனக்கு வந்த சந்தோஷம் ஸ்வெட்டர் முடிச்சப்போ கூட வரல.

சந்தோஷம்னு கேட்டீங்கல்ல, அது இங்கதான் இருக்கு. நான் டீச்சரா இருந்ததால சொல்றேன், தையல்ல கத்தரி போட்டுட்டா போட்டதுதான், பிளவுஸ் கழுத்த ஒரு இன்ச் கூட வெட்டிட்டா அந்தத் துணி அம்புட்டுதான். சமையல்ல உப்பு கூடிப்போச்சுன்னா கூடிப்போச்சு. பின்னல்ல மட்டும் அப்படி கிடையாது. தப்பு எங்க இருக்கோ அது வரைக்கும் பிரிச்சுரலாம், நூல் அப்படியே முழுசா கைக்கு வந்துரும், கொஞ்சம் சுருள் சுருளா இருக்கும், லேசா தண்ணில நனைச்சு காயப்போட்டா அதுவும் நேராயிரும். நூலும் வீணில்ல, காசும் வீணில்ல, போனது நேரம் மட்டும்தான், அதையும் வீணுன்னு சொல்ல மாட்டேன், கை அதுக்குள்ள கொஞ்சம் பழகியிருக்கும். ஏழாங்கிளாஸ் பிள்ளைக ரெண்டு பீரியட் பின்னுனத பிரின்னு சொன்னா கண்ணு கலங்கும். நானே உக்காந்து முதல் முடிச்ச அவுத்து நூல் நுனிய அதுக கையில கொடுத்து "இழு"ம்பேன். டுருடுருடுருன்னு பிரியுறப்போ அழுத பிள்ளை சிரிச்சுரும். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை தப்புக்கு பயப்படாது, பாத்துருக்கேன். உங்க வேலைல எப்படியோ தெரியாது, ஆனா பகல் பூரா அனுப்புன மெயில திரும்ப இழுக்க முடியாத ஆளுக்கு ராத்திரி பிரிக்கிற மாதிரி ஒரு வேலை இருந்தா நல்லதுதான்.

இப்ப சாக்ஸுக்கு வருவோம். சாக்ஸ் ஏன் இத்தன பேரப் புடிச்சு வைக்குதுன்னா குதிகால். மேல கணுக்காலுக்கு மேல இருந்து ஆரம்பிச்சா, 64 கண்ணி போட்டு, ரெண்டு நேர் ரெண்டு மறுபக்கம்னு ரிப், அதான் மேல காலப் புடிக்கிற பட்டி, பின்னி, அப்புறம் சும்மா குழாய் மாதிரி சுத்திச் சுத்தி வர்றதுதான். அது தூங்கிக்கிட்டே பின்னலாம். 2012ல மதுரைல கரண்ட் மணிக்கணக்கா போய்க்கிட்டு இருந்த காலத்துல நான் சாக்ஸ் கத்துக்கிட்டேன், அந்தக் குழாய் பகுதிய இருட்டுல விரலாலயே பின்னுவேன், மெழுகுவத்தி கூட வேணாம், கொசு மட்டும்தான் தொந்தரவு. குதிகால் வர்றப்போ விளக்கு வேணும். பாதிக் கண்ணிய, அதாவது 32 கண்ணிய, ஒதுக்கிட்டு மிச்சம் 32ல மட்டும் முன்னும் பின்னுமா ஒரு 32 வரிசை பின்னுனா குதிகாலுக்குப் பின்னாடி சதுரமா ஒரு மடிப்பு தொங்கும். இப்பத்தான் வித்தை. அந்த 32ல 17 பின்னி, ரெண்ட ஒண்ணா சேத்து, இன்னும் ஒண்ணு பின்னி, மிச்சம் 12 கண்ணி ஊசில இருக்கும்போதே அத முடிக்காம அப்படியே திரும்பிரணும். பாதில திரும்புறது தப்பு பண்ற மாதிரியே இருக்கும். திரும்பி, ஒரு கண்ணிய பின்னாம அப்படியே அடுத்த ஊசிக்கு மாத்திட்டு, மூணு பின்னி, ரெண்ட சேத்து, ஒண்ணு பின்னி, மறுபடி திரும்பணும், இங்கிட்டும் 12 மிச்சம். திரும்புன இடத்துல ரெண்டு பக்கமும் சின்ன இடைவெளி தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளிக்கு அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணா எடுத்து சேத்து இன்னும் ஒண்ணு பின்னிட்டுத் திரும்பணும். அப்படியே கொஞ்சம் கொஞ்சமா அகலமாகி கடைசில ரெண்டு ஓரமும் தீரும்போது ஊசில 18 கண்ணி நிக்கும். இப்ப கையத் திருப்பிப் பாத்தா தட்டையா இருந்த துணி உள்ளங்கைல கிண்ணம் மாதிரி உக்காந்திருக்கும். வெட்டல, தைக்கல, மடிக்கல, வெறும் எண்ணிக்கையாலயே துணி வளைஞ்சிருக்கு. நான் எத்தனையோ தடவ பண்ணிட்டேன், இப்பவும் அந்த இடத்துல ஒரு நிமிஷம் பின்னுறத நிப்பாட்டிட்டு விரல உள்ள விட்டுப் பாப்பேன்.

64ங்கிறது எல்லாருக்கும் பொதுவான நம்பர் கிடையாது, கணக்கு போட்டுக்கணும். பாதத்த டேப்பால சுத்தி அளந்தா 9 இன்ச்னு வைங்க, சாக்ஸ் காலப் புடிச்சு நிக்கணும்னா பத்துல ஒரு பங்கு குறைச்சு 8 இன்ச்சுக்கு பின்னணும், உங்க கைக்கு ஒரு இன்ச்சுக்கு 8 கண்ணி வந்தா 64. ஒரு இன்ச்சுக்கு 7 வந்தா 56. இதுக்குத்தான் முதல்ல சின்னதா ஒரு சதுரம் பின்னி அளந்து பாருன்னு எல்லாரும் தலப்பாடா அடிச்சுக்குவாங்க, எல்லாரும் அத பண்ணாம விட்டு மாட்டிக்குவாங்க. நான் மாட்டுனது பெரிய கதை. வீட்ல கிடந்த ஸ்வெட்டர் உல்லன்ல, 4 எம்எம் ஊசில, அதே 64 போட்டு பின்னிட்டேன், வீட்டுக்காரரு ஒரு சாக்ஸுக்குள்ள ரெண்டு காலையும் விட்டுக் காட்டுனாரு. சாக்ஸுக்கு மெல்லிசு நூலும் 2.25ல இருந்து 2.5 எம்எம் ஊசியும் வேணும். அந்த சாக்ஸ் ரொம்ப நாளா எங்க வீட்ல துவரம்பருப்பு பையா இருந்துச்சு.

நூல் விஷயத்துல நம்ம ஊருக்கு கொஞ்சம் யோசிக்கணும். கடைல உல்லன்னு கேட்டா தர்றது பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஆட்டு ரோமம் இல்ல, லேபிள்ல பாருங்க. அக்ரிலிக் விலை கம்மி, கலர் கலரா கிடைக்கும், பொம்மைக்கும் தோரணத்துக்கும் கை பழகவும் அருமை, ஆனா வேர்வைய உறிஞ்சாது, சித்திரை வெயில்ல அக்ரிலிக் சாக்ஸ் போட்டீங்கன்னா கால் அவிஞ்சு போயிரும். அயர்ன் பாக்ஸ கிட்ட காட்டுனாலே நூலு செத்துப்போய் தொளதொளன்னு ஆயிரும். காட்டன் வேர்வைய உறிஞ்சும், ஆனா இழுத்தா திரும்பி சுருங்காது, ரெண்டு மணி நேரத்துல சாக்ஸ் கணுக்கால்ல மடிஞ்சு கிடக்கும், அதனால காட்டன்ல பின்னுனா எலாஸ்டிக் கலந்த நூலா பாக்கணும். உள்ளதுலயே சாக்ஸுக்கு நல்லது முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான் கலந்த நூல், ஒரு ஜோடிக்கு 100 கிராம், கிட்டத்தட்ட 400 மீட்டர் ஓடும். கம்பளின்னா சூடுன்னு நினைக்காதீங்க, ஈரத்த நூலுக்குள்ள வாங்கிக்கிட்டு தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும், அது கம்பளியோட குணம். நம்ம கொடைக்கானல் மலை மேல மன்னவனூர்ல மத்திய அரசோட செம்மறி ஆட்டுப் பண்ணை இருக்கு, பாரத் மெரினோன்னு மெல்லிசு ரோமத்துக்கே வளக்குற இனம், கொடைக்கு டூர் போறவங்க ஏரியப் பாத்துட்டு திரும்பிராம அதையும் பாத்துட்டு வாங்க, நூல் எங்க இருந்து வருதுன்னு தெரியும்.

பிரிக்கலாம் பிரிக்கலாம்னு சொன்னேன்ல, கம்பளில பிரிக்கவே முடியாத ஒரு தப்பு இருக்கு. ரோமத்து மேல மீன் செதில் மாதிரி இருக்கும், சுடுதண்ணியும் சோப்பும் அலசலும் ஒண்ணா சேந்தா அந்தச் செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு துணி சுருங்கி கெட்டியாயிரும். பேத்திக்கு பின்னுன மெரினோ சாக்ஸ மருமக தெரியாம வாஷிங் மெஷின்ல போட்டுருச்சு, வெளிய வந்தப்போ பேத்தியோட பொம்மைக்கு சரியா இருந்துச்சு. மருமக மேல தப்பில்ல, யாருக்கும் பின்னிக் கொடுத்தா எப்படி துவைக்கணும்னு சொல்லிக் கொடுக்கணும், நான் சொல்லல. சூப்பர்வாஷ்னு போட்டிருக்கிற நூல்னா அந்தச் செதில ஏற்கனவே சரி பண்ணியிருப்பாங்க, மெஷின் தாங்கும்.

மதுரைல சாக்ஸ் யாரு போடுவான்னு உங்க வீட்ல கேட்டா, ஸ்கூட்டில போற பொம்பளைங்க காலப் பாக்கச் சொல்லுங்க. வெயிலுக்கு கருக்காம இருக்க தோல் கலர்ல, செருப்பு மாட்ட கட்டைவிரல் தனியா பிரிச்ச சாக்ஸ், பாதிப் பேரு போட்டுருப்பாங்க. இது புதுசும் இல்ல. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு ஜோடி சிவப்பு கம்பளி சாக்ஸ் இருக்கு, எகிப்துல கிடைச்சது, கிபி 250ல இருந்து 420க்குள்ள செஞ்சது, அதுலயும் செருப்பு வார் போக கட்டைவிரல் தனியாத்தான் இருக்கு. எகிப்தும் வெயில் ஊருதான, அவங்களுக்கு இருந்த ஆசை உங்களுக்கு இருந்தா என்ன? அத உலகத்தோட முதல் நிட்டிங் சாக்ஸ்னு நிறைய பேரு எழுதுறாங்க, அது சரியில்ல. காது வச்ச ஒத்த ஊசில துண்டு துண்டு நூலா கோத்து முடிச்சுப் போட்டு செய்யுற வேற முறை அது, நிட்டிங்குக்கு முந்துனது. அப்புறம் நீங்க ஏசி ரூம்ல டைல்ஸ் தரைல கால வச்சு எட்டு மணி நேரம் உக்காந்திருக்கீங்க, உங்களுக்கே ஒரு ஜோடி தேவைதான்.

வீட்ல பெரியவங்களுக்கு பின்னிக் கொடுக்கணும்னு தோணும், எல்லாருக்கும் தோணுறதுதான். ஒண்ணே ஒண்ணு, அவங்களுக்கு சர்க்கரை இருந்து காலு மரத்துப் போயிருந்தா கொடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேளுங்க. கைப்பின்னல்ல நூல் மாத்துற இடத்துல ஒரு முடிச்சு இருந்தா நமக்கு உறுத்தும், அவங்களுக்கு உறுத்துறது தெரியாது, அது புண்ணாயிரும். மேல் ரிப்பும் இறுக்கமா இருக்கக் கூடாது. நான் தையல் டீச்சர்தான், காலப் பத்தி இதுக்கு மேல சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. அதே மாதிரி பின்னுனா ஞாபக மறதி வராது, பிபி குறையும்னு வாட்ஸப்ல சுத்துறத எல்லாம் அப்படியே எடுத்துக்காதீங்க. 2013ல 3,545 நிட்டிங் பண்றவங்கள வச்சு ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, அடிக்கடி பின்னுறவங்க மனசு அமைதியா இருக்குன்னு கூடுதலா சொன்னாங்க. ஆனா அவங்க அவங்களே சொன்னது அது, பின்னுறதால அமைதியா, இல்ல அமைதியா இருக்கிறவங்கதான் அடிக்கடி பின்னுறாங்களான்னு அத வச்சு பிரிச்சு சொல்ல முடியாது. என் அனுபவத்துல, எங்க அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தப்போ வெளிய பெஞ்சுல உக்காந்து நாலு நாள்ல ஒரு ஷால் முடிச்சேன், கவலை குறையல, ஆனா கை சும்மா இல்லாததால வாய் சும்மா இருந்துச்சு, யார்கிட்டயும் எரிஞ்சு விழல. அதுக்கு மேல அத மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆம்பள விஷயம். புது மண்டபத்துல கடைக இருந்த காலத்துல தையல் மெஷின்ல வரிசையா உக்காந்திருந்தது முழுக்க ஆம்பளைங்கதான், அவங்க தச்ச பாவாடைய கட்டிக்கிட்டுத்தான் இந்த ஊர்ப் பிள்ளைக வளந்துச்சு, யாரும் சிரிக்கல. தறில உக்காந்தவங்களும் ஆம்பளைங்கதான். ஐரோப்பாலயும் அந்தக் காலத்துல நிட்டிங் சங்கம்னு இருந்ததுல ஆம்பளைங்கதான் வருஷக்கணக்கா குருகிட்ட இருந்து தொழில் கத்துக்கிட்டாங்க. சாக்ஸ் பின்ற மெஷின 1589ல கண்டுபிடிச்சது இங்கிலாந்துல வில்லியம் லீன்னு ஒருத்தரு. எலிசபெத் ராணி கைத்தொழில் பண்ற ஏழைங்க பொழப்பு போயிரும்னு அந்த மெஷினுக்கு உரிமை கொடுக்க மாட்டேன்னு சொன்னதா ஒரு கதை உண்டு, மெஷின் வந்தது நெசம், ராணி அப்படிச் சொன்னாங்களாங்கிறது கதைதான். கூச்சம் இருக்கிறது காசு வராத இடத்துலதான் தம்பி. ஆம்பள கூலிக்கு பின்னுனா தொழில், சும்மா பின்னுனா சிரிப்பு. பொம்பளைக்கும் அப்படித்தான், நான் பின்னுறத பாத்தா இன்னைக்கும் "எம்புட்டுக்கு விப்பீங்க"ன்னுதான் முதல்ல கேக்குறாங்க.

அதுக்கும் கணக்கு சொல்லிருறேன். ஒரு வரிசை 64, காலும் பாதமும் சேத்து ஒரு 140 வரிசை, அதுவே 8,960. குதிகாலு, விரல் பக்கம் எல்லாம் சேத்தா ஒரு சாக்ஸுக்கு பதினோராயிரம் கண்ணி பக்கம் வரும், ஜோடிக்கு 22,000. பழகுன கை நிமிஷத்துக்கு 25 போட்டா கூட 15 மணி நேரம் ஆகும், புதுசுன்னா ரெண்டு மடங்கு. கொத்தனாருக்கு கையாளு வேலைக்கு என்ன கூலியோ அத மணிக்கணக்குல போட்டுப் பாருங்க, அந்த விலைக்கு மதுரைல சாக்ஸ் வாங்க ஆளு கிடையாது. குரோஷா பொம்மை, ஜப்பான்காரங்க அமிகுருமின்னு சொல்றது, அது விக்குது, பூ, ஹேர் கிளிப், கீ செயின் விக்குது, ஆனா விக்கிறதுக்கு பின்ன ஆரம்பிச்சா ஒரே பூவ நூறு தடவ பின்னணும், அப்ப அது உங்க கம்ப்யூட்டர் வேலை மாதிரியே ஆயிரும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, நிட்டிங்க மெஷின் பின்னும், ஆனா நெசமான குரோஷாவ பின்னுற மெஷின் கடைக்கு வர்ற சரக்குல கிடையாது. பாக்க குரோஷா மாதிரியே மெஷின்ல லேஸ் வரும், அது வேற பின்னல். அதனால நெசமான குரோஷா டாப்ஸ் எங்கயாவது ஐநூறு ரூபாய்க்கு தொங்குனா, அது யாரோ ஒரு பொம்பள கையால உக்காந்து பின்னுனது, அந்தம்மாவுக்கு அதுல என்ன கொடுத்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

நம்ம பக்கம் இது கூலி வேலையாவும் தர்மமாவும்தான் வந்துச்சு, எல்லாரும் முதல்ல விலைய கேக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். 1820கள்ல நாகர்கோவில்ல மிஷனரி வீட்டம்மா மார்த்தா மால்ட் பொம்பளைங்களுக்கு லேஸ் கத்துக் கொடுத்தாங்க, அவங்க மக எலிசா கால்டுவெல் இடையன்குடில அத தொடர்ந்தாங்க, நம்ம கால்டுவெல் ஐயரோட சம்சாரம். அது குரோஷா இல்ல, தலகாணி மேல குண்டூசி குத்தி நூல் கட்டைகள மாத்தி மாத்திப் போடுற லேஸ், ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. ஆனா மிஷன் ஸ்கூல் வழியா ஊசி வேலை நம்ம வீடுகளுக்குள்ள வந்த பாதை அதுதான்னு சொல்லலாம். எனக்கு கத்துக் கொடுத்த சிஸ்டரும் அந்த வழில வந்தவங்கதான்.

ரெண்டாவது சாக்ஸ் பத்தி எச்சரிக்கணும். ஒண்ணு முடிச்சதும் ஆர்வமெல்லாம் தீந்து போயிரும், ரெண்டாவது கிடப்புல கிடக்கும், இது உலகம் பூரா உள்ள வியாதி. முதல் சாக்ஸ் முடிச்ச அன்னைக்கு ராத்திரியே, எழுந்திரிக்காம, ரெண்டாவதுக்கு 64 கண்ணியும் போட்டு ரெண்டு வரிசை ரிப்பும் பின்னிட்டு படுங்க. ஆரம்பிச்சுட்டது கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும், ஆரம்பிக்காதது படாது.

வேர்வை கைக்கு அலுமினிய ஊசி வழுக்கும், மூங்கில் ஊசி கொஞ்சம் புடிச்சு நிக்கும், ஆனா சாக்ஸ் சைஸ்ல மூங்கில் மெல்லிசா இருக்கிறதால இறுக்கிப் புடிச்சா வளைஞ்சுரும், ஃபேனுக்கு கீழ உக்காந்து மடில ஒரு துண்டு போட்டுக்கோங்க. மணிக்கட்டு வலிச்சா அன்னைக்கு நிப்பாட்டிருங்க. வீடியோ பாத்து குரோஷா கத்துக்கும்போது அமெரிக்காக்காரங்க சிங்கிள்னு சொல்றத இங்கிலாந்துக்காரங்க டபுள்னு சொல்லுவாங்க, நம்ம பழைய டீச்சருங்க நிறைய பேரு இங்கிலாந்து கணக்குதான், அதனால பேர விட்டுட்டு கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. முதல் வேலையா 21 செயின், அதான் சங்கிலி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா இழுக்குற வளையம், போட்டு, ஊசில இருந்து ரெண்டாவது செயின்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு கண்ணின்னு 20 பின்னுங்க, திரும்புறப்போ ஒரு செயின் போட்டுக்கிட்டு மறுபடி 20, இப்படியே சதுரமாகுற வரைக்கும். சதுரம் முக்கோணமாகிக்கிட்டே போகும், எல்லாருக்கும் ஆகும், ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணிய விட்டுருவீங்க, அது ஓரத்துல ஒளிஞ்சிருக்கும். எண்ணிப் பாருங்க, 19 வந்தா பிரிங்க.

ஊசி வாங்க விளக்குத்தூண் பக்கம் பாருங்க, இல்ல புது மண்டபத்துக் கடைக மாறிப்போன குன்னத்தூர் சத்திரத்துல பாருங்க. கடைல போய் "குரோஷே ஹுக்"னு கேட்டா முழிப்பாங்க, குரோஷா ஊசின்னு கேளுங்க. லேஸுக்கு உள்ள பொடி ஊசியத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாங்க, அது வேணாம்னு சொல்லிட்டு 4 எம்எம் வாங்குங்க, கூட வெளிர் கலர்ல ஒரு உருண்டை நூல். கருப்பு நூல் வாங்கிராதீங்க, கண்ணி கண்ணுக்கே தெரியாது.